சல்சா அமைக்கும் முன் கிளாவேயைக் கைதட்டுங்கள்

சல்சாவுக்கு நடனம் அமைப்பவர்கள் பலர் ஸ்பின்னிலும் லிஃப்டிலும்தான் தொடங்குகிறார்கள். பாட்டு பிறகுதான் வருகிறது. மேடையில் கால் ஒரு பக்கம், இசை ஒரு பக்கம் இழுப்பது அதனால்தான்.

சல்சாவின் தாய் கிழக்குக் கியூபாவின் சோன் இசை. அதைத் தாங்குவது கிளாவே: இரண்டு மரக்குச்சிகள், எட்டு கவுண்டுக்குள் ஐந்து தட்டு. முதல் நான்கில் மூன்று தட்டு, அடுத்த நான்கில் இரண்டு என்பது 3-2. அந்தச் சோன் கிளாவேயில் அவை 1, இரண்டரை (2-க்கும் 3-க்கும் நடுவில்), 4, 6, 7-இல் விழும். 2-3 என்றால் பாதிகள் இடம் மாறி 2, 3, 5, ஆறரை, 8. பாட்டு முழுக்க இதைக் கைதட்டி முடிக்கும்வரை ஒரு ஸ்டெப்கூட வைக்காதீர்கள்.

அதிகம் சொதப்புவது பாட்டைச் சுருக்கும் இடத்தில். நடுவில் நான்கு கவுண்டை மட்டும் வெட்டினால் கிளாவே புரண்டுவிடும். ஆடுபவரின் 1, இசையின் 5-இல் போய் விழும். பார்ப்பவருக்கு ஏதோ தடுக்கியது மட்டும் தெரியும். எட்டின் மடங்கில்தான் வெட்ட வேண்டும். பாட்டிலேயே நான்கு கவுண்ட் கூடுதலாக வந்து 3-2, 2-3 ஆவதும் உண்டு. அந்த நான்குக்கு ஓர் இடமாற்றமோ அசையா நிலையோ போதும்.

நிமிடத்துக்கு 180 கவுண்ட் என்றால் மூன்று நிமிடத்தில் 540. அறுபத்தேழு எட்டுகளுக்கும் மேல் நிரப்ப வேண்டும். பாடகர் கதை சொல்லும் முன்பாதியில் நெருங்கிப் பிடித்து சோன் நடனம் ஆடுங்கள்: 2, 3, 4, 6, 7, 8-இல் மிதி, 1-லும் 5-லும் நிறுத்தம். பாஸ் என்ற தாழ்சுர வாத்தியமும் பெரும்பாலும் 1-ஐ விட்டுவிட்டு இரண்டரையிலும் 4-லும்தான் பேசுகிறது. அந்த மௌனத்தில் உடல் நிற்பது தனி அழகு. 1940-களில் கியூப இசைக்கலைஞர் அர்செனியோ ரோட்ரிகஸ் கொங்கா முரசு, பியானோ, கூடுதல் டிரம்பெட்டுகளால் குழுவைப் பெருக்கி, கோரஸும் பாடகரும் மாறி மாறிப் பாடும் மொன்டூனோ என்ற பின்பாதிக்குப் பெரும் வலு சேர்த்தார். மூச்சை அதற்காகச் சேமியுங்கள். கோரஸுக்கு ஒரு வரிசை, பாடகரின் பதிலுக்கு இன்னொரு வரிசை என்று பிரித்தாலே மேடை நிறைந்துவிடும்.

கியூபாவின் முரசு நடனமான ரும்பாவைச் சேர்ப்பவர்கள் கவனிக்க: அதன் கிளாவேயில் மூன்றாம் தட்டு 4-லிருந்து நாலரைக்குத் தள்ளிப்போகும். குவகுவாங்கோ என்ற ரும்பா வகையில் ஆண் திடீரென இடுப்பையோ கையையோ வீசுவது வாகுனாவோ. பெண் பாவாடையை இழுத்து மறைத்துத் தப்புவது அதன் மறுபாதி. அந்தத் தப்புதலை விட்டுவிட்டு வீச்சை மட்டும் வைத்தால் அது வெறும் ஆபாசம். யம்பூ என்ற இன்னொரு ரும்பா வகையில் வாகுனாவோவே கிடையாது. யெமாயா, சாங்கோ என்ற தெய்வங்களின் அசைவுகள், சாந்தெரியா என்ற ஆப்பிரிக்க-கியூப சமய வழிபாட்டில் அந்தத் தெய்வங்களுக்கு ஆடப்படுபவை. கவுண்ட் மிஞ்சுகிறதே என்று அவற்றை இட்டு நிரப்பாதீர்கள்.