செத்த திமிங்கலம் கரை ஒதுங்கினால்: யாரிடம் சொல்வது, எதைத் தொடக்கூடாது

கடற்கரையில் செத்த திமிங்கலம் ஒதுங்கினால், சட்டப்படி அது அரசாங்கத்தின் சொத்து. நாற்றம் மட்டும் ஊருக்கு. இந்த முதல் வரி தெரியாமல் உதவப் போனவர்கள் கோர்ட்டுக்கு அலைந்ததையும், தகவல் சொல்லப் போனவர்கள் நாலு ஆபீஸ் ஏறி இறங்கி வெறுத்துப்போய்த் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன். மன்னார் வளைகுடாக் கரைக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டின் மற்ற கடலோர மாவட்டங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

சட்டம் சுருக்கமாக: 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் திமிங்கலம், ஓங்கில் (டால்பின்), கடல்பசு எல்லாம் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதுவே இவற்றுக்கும். 39-வது பிரிவின்படி செத்துக் கிடக்கும் வன விலங்கு அரசுச் சொத்து. அதன் உடலோ உறுப்போ கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ சொல்லி ஒப்படைக்க வேண்டும். எழுத்தில் அனுமதி இல்லாமல் வைத்துக்கொள்வது, கொடுப்பது, அழிப்பது எல்லாமே குற்றம். முதல் அட்டவணை விலங்கு என்பதால் தண்டனை 3 ஆண்டில் தொடங்கி 7 ஆண்டு வரை போகும். அபராதம் கட்டிச் சமாதானமாக முடித்துக்கொள்ளும் வழியும் கிடையாது.

இனி அலைச்சல் கதை.

கடல் சம்பந்தமான எதற்கும் நம் ஆட்கள் போய்ப் பழகிய இடம் மீன்வளத் துறை. படகுப் பதிவு, மானிய டீசல், தடைக்கால நிவாரணம் எல்லாம் அங்கேதான். அதனால் திமிங்கலத்துக்கும் நேராக அங்கே போகிறார்கள். "இது வனத்துறை பார்க்க வேண்டியது" என்று பதில் வரும். பதில் சரிதான், ஆனால் போனை எடுத்து வனத்துறைக்கு அவர்களே ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா? சொல்ல மாட்டார்கள். வனத்துறைக்குப் போனால், அந்தக் கரை தேசியப் பூங்கா எல்லையில் வருகிறதா, மாவட்ட வன அலுவலர் எல்லையில் வருகிறதா என்று ஒரு ஆராய்ச்சி நடக்கும். கிராம நிர்வாக அலுவலர் தாசில்தாரைக் கேட்க வேண்டும் என்பார். பஞ்சாயத்தில் ஜேசிபிக்குக் காசு இல்லை என்பார்கள். இதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பொறுப்புத் துறை வனத்துறை. மற்ற எல்லாரும் துணைக்கு வருகிறவர்கள்தான். உடலைப் பார்த்து மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் நேரடிப் பார்வைக் குறிப்பு) எழுத வேண்டியவர்கள் வனச்சரகரும் அவருடைய ஆட்களும். பிரேதப் பரிசோதனை செய்கிறவர் கால்நடைத் துறை மருத்துவர். அளவெடுக்கவும் மாதிரி எடுக்கவும் மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஆள் வரக்கூடும். பிறகு அங்கேயே குழி தோண்டிப் புதைப்பார்கள். கடல்வாழ் பேருயிர்கள் கரை ஒதுங்கினால் எப்படிக் கையாள்வது என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. ஆகவே யாராவது "இதுக்கெல்லாம் விதி கிடையாதுங்க" என்றால் நம்பாதீர்கள்.

எந்த எல்லை, யார் சரகம் என்பதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. முதல் போன் 1093-க்குப் போடுங்கள், அது கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ். அடுத்து கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறை, 1077. யார் எடுத்தார், எத்தனை மணி என்று அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நின்று, கலங்கரை விளக்கமோ கோயிலோ சர்ச்சோ ஏதாவது அடையாளம் தெரிகிற மாதிரி இரண்டு போட்டோ எடுங்கள். செல்போனில் இருப்பிடத்தைப் பகிருங்கள். "மூணாவது கல்லுக்கு வடக்கே" என்றால் நமக்குப் புரியும், வெளியூரிலிருந்து வருகிற அதிகாரிக்குப் புரியாது.

போனோடு நிறுத்திவிடாதீர்கள். போன் பேசியதற்கு மறுநாள் சாட்சி இருக்காது. ஒரு வெள்ளைத்தாளில் தேதி, நேரம், இடம் எழுதி ஊர்க் கமிட்டி பெயரில் போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனு பெற்றதற்கான அத்தாட்சி, வாங்குங்கள். "செத்த மீனுக்கெல்லாம் சிஎஸ்ஆரா?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். 39-வது பிரிவு, 48 மணி நேரம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பிற்பாடு உடலில் ஏதாவது குறைகிறது என்று விசாரணை வந்தால், உங்களைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு துண்டுக் காகிதம்தான்.

நாற்றம் தாங்கவில்லை என்று ஊரே சேர்ந்து புதைத்துவிடுவதும் உண்டு. புதைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் இளைஞர்கள் சொந்தச் செலவில் ஜேசிபி வைத்துப் புதைத்தார்கள். மூன்றாம் நாள் அதிகாரிகள் வந்து, பரிசோதனை ஆகவில்லை, தோண்டுங்கள் என்றார்கள். முதல் தடவை தோண்டிய வாடகையும் வரவில்லை, இரண்டாம் தடவையும் வரவில்லை. "ஏன் புதைச்சீங்க, எதை மறைச்சீங்க" என்ற கேள்விதான் வந்தது. அதனால் ஜேசிபி, படகு, டீசல், கயிறு எது கேட்டாலும், கேட்கிற அதிகாரியின் பெயரையும் எந்தத் துறைக் கணக்கு என்பதையும் முதலில் கேளுங்கள். ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் வாட்ஸ்அப்பில் "நீங்கள் கேட்டபடி இத்தனை மணிக்கு வண்டி வருகிறது" என்று நீங்களே அனுப்பி வையுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் எல்லாத் துறையும் அடுத்த துறையைக் கை காட்டும்.

மகஜரில் சாட்சிக் கையெழுத்து கேட்பார்கள். போடலாம், படித்துவிட்டு. வெற்றுத்தாளில் போடாதீர்கள், "அப்புறம் நிரப்பிக்கிறோம்" என்பது அன்றைக்குச் சாதாரணமாகத்தான் தோன்றும்.

அடுத்தது உடலிலிருந்து எடுப்பது. பல், எலும்பு, கொழுப்பு, எதுவும் வேண்டாம். உட்காரத் தோதாக இருக்கிறதே என்று முதுகெலும்புத் துண்டு ஒன்றைத் திண்ணையில் போட்டு வைத்திருந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். வருகிறவர் போகிறவரெல்லாம் அதில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். ஒருநாள் யாரோ போட்டோ போட, விசாரணைக்கு ஜீப் வந்தது. செத்ததிலிருந்து எடுத்தது, கொல்லவில்லை என்ற வாதம் எடுபடாது. வைத்திருந்ததே போதும்.

அம்பர் விஷயம் இதைவிட மோசம். ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகும் அந்த மெழுகு போன்ற கட்டியைத்தான் திமிங்கல எச்சம், வாந்தி என்றெல்லாம் பத்திரிகையில் எழுதுகிறார்கள். கிலோ ஒரு கோடி என்று யாராவது சொல்லிக்கொண்டு வருவார். மற்ற சில நாடுகளில் கரையில் கிடைத்தால் விற்கலாம், அந்தச் செய்தியைக் காட்டித்தான் இங்கே ஆளைக் கவிழ்க்கிறார்கள். இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். விற்கப் போகும்போதுதான் பெரும்பாலும் பிடிபடுகிறார்கள். வாங்க வந்தவரே மாறுவேடப் போலீஸாகவும் இருப்பார். வலையில் சிக்கிய கட்டி ஒன்று சந்தேகமாக இருந்தால் அதையும் 48 மணி நேரத்துக்குள் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பரிசு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்டெடுத்தவருக்குப் பங்கு எதுவும் சட்டத்தில் இல்லை.

இன்னொரு பொறி அம்மணி உளுவை. திமிங்கலச் சுறா. அது நிஜமாகவே மீன்தான், ஆனாலும் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிர். "மீன்தானே சார்" என்பது அங்கே செல்லாது.

வலை போனால் நஷ்ட ஈடு உண்டா என்று கேட்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 2018 முதல், பாதுகாக்கப்பட்ட உயிரை உயிரோடு விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை தருகிறார்கள், வீடியோவோ போட்டோவோ ஆதாரமாகக் காட்ட வேண்டும். அந்தச் செய்தியை நம்பி இங்கே உரிமையாகக் கேட்டுப் போகாதீர்கள். பாக் விரிகுடாப் பக்கம் கடல்பசுவை விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை கொடுத்திருக்கிறது. எது கிடைப்பதானாலும் ஆதாரம் கேட்பார்கள். எனவே அறுக்கும்போதே ஒருவர் செல்போனில் எடுக்கட்டும், படகின் பதிவு எண்ணும் அதில் விழட்டும். செத்து ஒதுங்கிய உடல் கரைவலையைக் கிழித்தது என்றால் யாரிடமும் பணம் பெயராது. அலைவது வீண்.

உடலின் மேல் ஏறாதீர்கள், பிள்ளைகளை ஏற விடாதீர்கள். வெயிலில் உள்ளே வாயு சேர்ந்து வயிறு பலூன் போல் உப்பும். தைவானில் தாய்னான் நகரில் 2004-இல் லாரியில் ஏற்றிப்போன ஸ்பெர்ம் திமிங்கலம் நடுத்தெருவில் வெடித்து, கடைகள் மேலும் வண்டிகள் மேலும் ரத்தமும் குடலும் சிதறின. கத்தி வைத்துக் குத்திப் பார்க்கிற ஆர்வக்கோளாறுகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களைத் தூர நிறுத்துங்கள். கையில் புண் இருப்பவர் தொடவே கூடாது.

உயிர் இருந்தால் கதை வேறு. 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது மீனவர்கள் படகு கட்டி இழுத்து விட்டார்கள். விட்டவை பல திரும்பக் கரைக்கே வந்தன. வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள். மூச்சுத் துளையை மூடாமல், தோலில் ஈரத்துணி போட்டு, 1093-க்குச் சொல்லிக் காத்திருங்கள்.

புதைக்கும்போது ஊர்க்காரர் ஒருவர் கூடவே நில்லுங்கள். அலை ஏறும் எல்லைக்கு மேலே, குடிதண்ணீர்க் கிணற்றுக்குத் தள்ளி, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி இருக்க வேண்டும். அவசரத்தில் மேலாக மணலைத் தள்ளிவிட்டுப் போனால் அடுத்த பௌர்ணமி ஏற்றத்தில் வெளியே வந்துவிடும். மூடிய பிறகு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உடல் அப்படி வெளியே வந்தால் 1100-இல் முதல்வர் உதவி மையத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள், திங்கள்கிழமை குறைதீர் நாளிலும் சிஎஸ்ஆர் நகலோடு மனு கொடுங்கள்.

ஒரு வருடம் கழித்து மணல் அரித்து எலும்பு தெரியலாம். அதுவும் அரசுச் சொத்துதான். தொடாமல், பழைய சிஎஸ்ஆர் எண்ணைக் குறிப்பிட்டு வனச்சரகருக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.