நானூறு வாட் வாங்கித் தரும் ஒரே ஒரு படி

ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலி உரிமம் பெற்று 100 வாட் கருவியை இயக்கிவரும் வாசகர் ஒருவர், 14 மெகாஹெர்ட்ஸில் தாம் கூப்பிடும் ஐரோப்பிய நிலையங்கள் பெரும்பாலும் பதில் தருவதில்லை என்றும், இந்தியாவில் பொது வகை உரிமத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான 400 வாட்டை எட்டுவதற்கு அனுப்பும் சைகையின் திறனைப் பெருக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் வாங்குவது தகுமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் தம் ஆன்டெனாவைப் பற்றிச் சொல்லியிருப்பது ஒரே வரிதான்: மொட்டை மாடிக்கு மேல் கம்பி இழுக்க இடமில்லாததால், தோட்டத்தில் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் கிடைமட்டமாகக் கட்டிய டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைந்த இரு கைக் கம்பி. என் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

முதலில் ஆம்ப்ளிஃபயர் தருவதைக் கணக்கிடுவோம். வாட்டில் அளக்கும் திறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அனுப்பும் திறன் நான்கு மடங்கானால் எதிர்முனை ஆன்டெனாவில் தூண்டப்படும் மின்னழுத்தம் இரு மடங்குதான் ஆகிறது. ஏற்பியில் வரும் சைகையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரும் இந்த இரட்டிப்பைத்தான் ஒரு படியாக எண்ணுகிறது. எஸ் 9 என்பது 50 மைக்ரோவோல்ட், எஸ் 8 என்பது 25, எஸ் 7 என்பது 12.5. ஆக, 100 வாட்டில் எஸ் 7 காட்டிய முள் 400 வாட்டில் எஸ் 8 காட்டும். ஒரு படி, அதாவது திறன் விகிதத்தை அளக்கும் டெசிபெல் அலகில் 6, அவ்வளவே. அடுத்த படிக்கு 1600 வாட் வேண்டும். இதே ஏணியில் 100 வாட்டிலிருந்து கீழே இறங்கினால் 25 வாட்டில் ஒரு படியும் 6 வாட்டில் இரண்டு படியும்தான் இழக்கிறோம். ஐந்து வாட் கருவிக்காரர்கள் கடல் கடந்து பேசுவதில் மாயம் எதுவும் இல்லை. அலையை வளைத்துத் தரைக்குத் திருப்பும் வளிமண்டல மேலடுக்கான அயனிமண்டலத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே சில நிமிடங்களுக்குள் இரண்டு மூன்று படிகளை விழுங்கிவிட்டுத் திருப்பித் தரும்.

அந்த ஒரு படிக்காகச் சுவரிலிருந்து ஏறத்தாழ 700 வாட் இழுத்து, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானதை வெப்பமாக அறைக்குள் கொட்ட வேண்டும். மின்தடையின்போது காரின் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடக்கூடிய 100 வாட் கருவிக்கு இருக்கும் சுதந்திரமும் போய்விடும்.

இப்போது அந்த 5 மீட்டர் கம்பிக்கு வருவோம். எனக்கு அலுக்காத இடம் இது. ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய அலை அடிவானத்துக்குச் சற்று மேலே, 10 அல்லது 15 பாகை சாய்வில் புறப்பட்டாக வேண்டும். கம்பியிலிருந்து அந்தத் திசையில் நேராகச் செல்லும் அலை ஒன்று. தரையில் பட்டு மேலெழுந்து அதே திசையில் செல்லும் அலை இன்னொன்று. கிடைமட்டக் கம்பியின் அலை தரையில் பட்டுத் திரும்பும்போது தலைகீழாகிறது. கம்பி தாழ்வாக இருந்தால் இரண்டும் கடந்த தொலைவில் பெரிய வேறுபாடு இராது. நேரலையின் முகடும் தலைகீழான அலையின் பள்ளமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இரண்டும் பெருமளவு அழிந்துபோகின்றன. கம்பியை உயர்த்த உயர்த்த, தரையைத் தொட்டுச் செல்லும் அலையின் பாதை நீண்டு அது பின்தங்குகிறது; பின்தங்குவதாலேயே நேரலையோடு மெல்ல மெல்ல இணக்கத்துக்கு வருகிறது. அலைநீளம் ஏறத்தாழ 20 மீட்டராக உள்ள இந்த 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், சமதளத் தரைக்கு மேல் கணக்கிட்டால், 15 பாகைத் திசையில் 5 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு ஏற்றுவதன் ஆதாயம் 5 டெசிபெல்லுக்கு மேல் வருகிறது. ஆம்ப்ளிஃபயர் தரும் 6 டெசிபெல்லுக்கு மிக அருகில், இரண்டு கம்பங்களும் கயிறும் வாங்கும் விலையில்! அதோடு, ஆம்ப்ளிஃபயர் நம் குரலை மட்டுமே உயர்த்தும். உயர்ந்த கம்பியோ எதிர்முனையில் இருப்பவர்கள் குரலையும் நமக்கு உயர்த்தித் தரும்.

வாட் போதாதபோது கணிதமும் கைகொடுக்கும். எஃப்டி 8 என்ற எண்ணிமச் செய்திமுறை, 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்த இரைச்சலுக்கு 20 டெசிபெல் கீழே கிடக்கும் சைகையையும் படித்துவிடுகிறது. 2017-இல் அதை வெளியிட்ட இருவரில் ஒருவரான ஜோ டெய்லர், இன்னொரு விண்மீனோடு இணைந்து சுற்றியபடி சீராக ரேடியோ துடிப்புகளை அனுப்பும் விண்மீனான இரட்டைப் பல்சரைக் கண்டறிந்ததற்காக 1993-இல் நோபல் பரிசு பெற்ற வானியலாளர். விண்மீன் ஆராய்ச்சிக்கு ஏன் பணம் என்று கேட்பவர்களுக்கு நான் தரும் பதில்களில் இதுவும் ஒன்று: இரைச்சலுக்குள் புதைந்த துடிப்பைத் தோண்டியெடுத்துப் பழகிய கை, இன்று சிறிய நிலையங்களுக்கும் உதவுகிறது.

ஆம்ப்ளிஃபயர் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அரிய தீவொன்றிலிருந்து ஒலிக்கும் நிலையத்தை நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது, அந்த ஒரு படிதான் யார் குரல் எடுபடும் என்பதைத் தீர்மானிக்கக்கூடும். 144 மெகாஹெர்ட்ஸ் அலையை நிலவில் மோதவைத்துத் திரும்பப் பெறுவோர், 250 டெசிபெல்லையொட்டிய இழப்பைத் தாண்ட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு டெசிபெல்லையும் எண்ணிச் செலவிடுகிறார்கள். அவர்களும் ஆன்டெனா, தடித்த கேபிள், வரும் மெல்லிய சைகையைப் பெருக்க ஆன்டெனாவின் அடியிலேயே பொருத்திய முன்பெருக்கி ஆகியவற்றை முடித்த பிறகே பெரிய வாட்டுக்கு வருவது வழக்கம். வாசகர் முதலில் கம்பியை 10 மீட்டருக்கு ஏற்றிவிட்டுச் சில வாரம் மாலை வேளைகளில் ஐரோப்பாவைக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகும் குறை தெரிந்தால் ஆம்ப்ளிஃபயரின் விலையை விசாரிக்கலாம்.