பெட் ஸ்கேனில் ஒளிர்வதெல்லாம் கட்டி இல்லை

மறுபடியும் அதே கதை. உணவுக்குழாய்ப் புற்றுநோய், ரேடியேஷன் பிளானிங்குக்காக (கதிரை எங்கே கொடுப்பது என்று திட்டமிட) பெட் சிடி. கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் செலுத்தி, அதை அதிகம் இழுக்கும் இடங்கள் ஒளிர்வதைப் பார்க்கும் ஸ்கேன் இது; அதனால் வெறும் வயிற்றோடு வரவேண்டும். "ராத்திரியிலிருந்து வாயில் எதுவும் படவில்லை டாக்டர்" என்கிறார் மகன். உண்மைதான். வயிற்று டியூப் வழியாகக் காலை ஊட்டம் மட்டும் வழக்கம்போல் போயிருக்கிறது! ஊட்டம் போனதால் ஊசிச் சர்க்கரையைத் தசைகள் இழுத்துக்கொண்டன; படத்தில் தசையெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, கட்டி மங்கிக் கிடக்கிறது. டியூபில் போவதும் சாப்பாடுதான். குளுக்கோஸ் ட்ரிப்ஸும் சாப்பாடுதான். வெறும் தண்ணீர் குடிக்கலாம். பாவம், அதைத்தான் கொடுக்காமல் விட்டிருந்தார்கள்.

அடுத்தது, கைபேசியில் படத்தைக் காட்டி, "சிவப்பாக இருப்பதுதானே கட்டி? அங்கே மட்டும் கதிர் கொடுத்தால் போதாதா?" என்ற கேள்வி. போதாது. அந்தச் சிவப்பின் ஓரம் கட்டியின் ஓரம் இல்லை. வண்ண அளவுகோலை நான் திரையில் கொஞ்சம் நகர்த்தினால் அதே கட்டி பெரிதாகும், எதிர்ப்பக்கம் நகர்த்தினால் சுருங்கும். உள்ளே எதுவும் மாறியிருக்காது. படம் எடுக்கச் சில நிமிடங்கள் ஆவதால், வயிற்றை ஒட்டிய கீழ்ப்பகுதி மூச்சோடு மேலும் கீழும் போய் இழுபட்டுத் தெரியும். ஸ்டென்ட் (அடைத்த உணவுக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்த இடமும் அழற்சியால் ஒளிரும். காசநோய் நெறிகட்டியும் ஒளிரும். சில மில்லிமீட்டர் அளவுள்ள, புற்று பரவிய நிணநீர்க் கணுவோ ஒளிராமலே இருந்துவிடும். உட்சவ்வுக்கு அடியில் ஓசைப்படாமல் பரவியிருப்பதும் அப்படித்தான். அதனால்தான் குழாயின் போக்கில் மேலும் கீழும் வழக்கமாக 3 முதல் 4 செ.மீ. சேர்த்துக் கதிர் கொடுக்கிறோம். தாராள மனசால் அல்ல.

பிறகு பெட் எதற்கு? கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சாதாரண சிடியில் பல நேரம் பிடிபடாது. எண்டோஸ்கோபியில் பல்லிலிருந்து அளந்த தூரத்தையும் பெட்டையும் சேர்த்து வைத்தால் தெளிவு கிடைக்கும். கழுத்திலோ வயிற்றுக்குப் பின்னாலோ ஒரு கணு தனியாக ஒளிர்ந்தால் கதிர் கொடுக்கும் பகுதியே மாறும். கல்லீரலில் ஒளிர்ந்து, அது பரவல்தான் என்று உறுதியானால் சிகிச்சையின் நோக்கமே மாறும்.

கீமோ தொடங்கும் முன்பே பெட் எடுத்துவிடுங்கள். ஸ்டென்ட் வைப்பதாக இருந்தால் அதற்கு முன் எங்களைக் கேளுங்கள். சீட்டில் 'ரேடியேஷன் பிளானிங்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தட்டையான மேசையில், சிகிச்சையின்போது படுக்கப்போகும் அதே நிலையில் எடுக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை 200 மி.கி./டெ.லி.-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தள்ளிவைப்பார்கள். அதற்காக மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். முந்தின நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். ஊசி போட்ட பிறகு அரட்டையும் வேண்டாம், குரல்நாண் ஒளிரும். ஊசி மருந்தைப் பற்றிப் பயமா? அதன் கதிர்வீச்சு 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும்.

ஒரே ஒரு கெஞ்சல். ரேடியேஷன் முடிந்த மறுவாரமே ஆவலில் பெட் எடுத்துவிட்டு, 'இன்னும் ஒளிர்கிறது' என்று அழாதீர்கள். அது பெரும்பாலும் கதிர் உண்டாக்கிய புண். நாங்கள் சொல்லும் வாரம்வரை பொறுங்கள்.

அப்புறம், வரும்போது ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் டிஸ்க்கையும் கொண்டுவாருங்கள். தாளில் அச்சடித்த படத்தை எங்கள் பிளானிங் கணினியில் பொருத்த முடியாது.