பாணுக்குள் இருக்கும் டொலர்

2022 மார்ச் முதல் வாரம் வரை இலங்கையில் ஓர் அமெரிக்க டொலரின் விலை ஏறத்தாழ 203 ரூபா. பல மாதங்களாக மத்திய வங்கி அந்த விலையை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது. மார்ச் 7ஆம் திகதி பிடியைத் தளர்த்தியது. அந்த மாதம் முடிவதற்குள் டொலர் 300 ரூபாவை நெருங்கியது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது.

ரூபா விழுந்தால் விலைவாசி ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எது எவ்வளவு ஏறும், எது ஏறாமல் கிடக்கும், யார் தலையில் சுமை விழும் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வி உதவும். நாம் வாங்கும் பொருளுக்குள் எவ்வளவு டொலர் இருக்கிறது?

ஒரு இறாத்தல் பாணை எடுத்துக்கொள்வோம். சுட்டவர் உள்ளூர்க்காரர், தண்ணீர் உள்ளூர்த் தண்ணீர். ஆனால் கோதுமை இலங்கையில் விளைவதில்லை, அது கப்பலில் வருகிறது. போறணையை எரிக்கும் டீசலும், பாணைக் கடைக்குக் கொண்டுசெல்லும் முச்சக்கர வண்டியின் பெற்றோலும் அப்படித்தான். கோழி நம் முற்றத்தில் நின்றாலும், பண்ணை முட்டைக்குப் பின்னால் தீவனம் இருக்கிறது. தீவனத்துக்குள் வெளியிலிருந்து வந்த சோளம் இருக்கிறது.

கடல் மீனுக்குள் டொலர் ஏது என்று கேட்கலாம். மீனில் இல்லை, படகில் இருக்கிறது. வடக்கில் சிறு படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. அதுவரை அரசு மானியமாகத் தாங்கிய சுமையும் அந்த நாளில் சேர்ந்தே இறங்கியது. கடல் அதே கடல்தான். அதற்குள் போய்வரும் செலவு நான்கு மடங்கு.

பெற்றோல் 2021 டிசம்பரில் 177 ரூபா, 2022 ஜூன் கடைசியில் 470. இதில் உக்ரைன் போரால் உலகச் சந்தையில் ஏறிய விலையும் கலந்திருக்கிறது, முழுப் பழியையும் ரூபா மேல் போடக் கூடாது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். உலக விலை அசையாமல் நின்றிருந்தாலும், 203 என்பது 360 ஆனால் இறக்குமதிச் செலவு மட்டும் 77 சதவீதம் கூடும்.

தீவு என்பதால் தப்பிக்க வழி இன்னும் குறைவு. பக்கத்து நாட்டிலிருந்து குழாய் வழியாக எண்ணெயோ கம்பி வழியாக மின்சாரமோ வாங்க அப்போது வசதி இல்லை. எல்லாம் கப்பல்தான், கப்பல் கூலியும் காப்புறுதியும் டொலர்தான். எரிபொருள் கப்பல்கள் கொழும்புக்கு வெளியே பணத்துக்காகக் காத்துக் கிடந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 முடிவில் சுமார் 7.6 பில்லியன் டொலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பில், 2022 மே மாதம் உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடியது 50 மில்லியன்கூட இல்லை என்றார் அன்றைய நிதியமைச்சர். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். உணவுக்கு மட்டும் 95ஐ ஒட்டியது.

சரி, நாணயம் மலிந்தால் ஏற்றுமதி பெருகும் என்று பாடப்புத்தகம் சொல்கிறதே? பெருகும், ஆனால் மெதுவாக. ஆடைத் தொழிற்சாலையில் துணியும் நூலும் பெரும்பாலும் இறக்குமதி, மலிவது தைக்கும் கூலி மட்டும். தேயிலைக்கு வேறு சிக்கல். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததன் பாதிப்பு அடுத்த ஆண்டில் தெரிந்தது. 300 மில்லியன் கிலோவை ஒட்டியிருந்த உற்பத்தி சுமார் 250 மில்லியனுக்கு இறங்கியது. டொலர் விலை ஏறிவிட்டது என்பதற்காகத் தேயிலைச் செடி கூடுதலாகத் துளிர்க்காது.

ரூபா எவ்வளவு வேகமாக விழுகிறது என்பதோடு, அதை எவ்வளவு காலம் விழவிடாமல் பிடித்து வைத்திருந்தார்கள் என்பதும் முக்கியம். ஒரு டொலருக்கு வங்கி 200 ரூபா தரும்போது, வங்கிக்கு வெளியே பணம் மாற்றித் தரும் உண்டியல்காரர் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தந்தால், கட்டாரில் வேலை செய்யும் மகன் எதன் வழியாக அம்மாவுக்குப் பணம் அனுப்புவான்? 2020இல் வங்கிகள் வழியாக 7.1 பில்லியன் டொலர் அனுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2022இல் 3.8 பில்லியன்தான் அனுப்பினார்கள். இரண்டு விலைகளும் நெருங்கி வந்தபின், 2023இல் அது ஏறத்தாழ 6 பில்லியனுக்கு மீண்டது. நாணயத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்த காரியமே டொலரை வங்கிக்கு வெளியே தள்ளியது. இந்த நெருக்கடியில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி இதுதான், ஏனென்றால் இது தவிர்த்திருக்கக்கூடியது.

இனிப் பயணிகள். 100 டொலருக்கு 20,000 ரூபா கிடைத்த இடத்தில் 36,000 கிடைத்தால் கூட்டம் குவிந்திருக்க வேண்டும். குவியவில்லை. 2018இல் 23 இலட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2022இல் ஏறத்தாழ 7.2 இலட்சம் பேர்தான் வந்தார்கள். பெற்றோல் இல்லாத முச்சக்கர வண்டியில் ஏறி எங்கே போவது? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. தீவு மிக மலிவாக இருந்த மாதங்களில்தான் கடற்கரைகள் வெறிச்சோடிக் கிடந்தன. எரிபொருள் வரிசைகள் தீர்ந்து, ரூபாவும் ஓரளவு வலுத்து 300 பக்கம் வந்தபிறகே பயணிகள் திரும்பினார்கள். 2024இல் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். ஒரு நாட்டின் ஈர்ப்பு அதன் மலிவில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

வந்தவர்களுக்கும் எல்லாம் மலியவில்லை. சிகிரியாவில் வெளிநாட்டவர் நுழைவுக் கட்டணம் டொலரில்தான் வைக்கப்பட்டிருக்கிறது, விசாக் கட்டணமும் அப்படியே. ரூபா விழுந்தாலும் அவை அசையாது. பெரிய ஹோட்டல்களும் அறைக்கு டொலரில் விலை சொல்வது வழக்கம். ரயில் சீட்டு, சோறும் கறியும், சலவை, வழிகாட்டியின் ஒரு நாள் கூலி: பயணிக்கு உண்மையில் மலிந்தவை இவைதான். அதிலும் சாப்பாட்டு விலை சில மாதங்களில் டொலரை எட்டிப் பிடித்துவிடும். கடைசிவரை எட்டாமல் பின்தங்கி நிற்பது மனித உழைப்பின் விலை.

கண்டியிலிருந்து எல்ல போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தேயிலை மலைகள் நகர்ந்துகொண்டே வரும். சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுக்காத பயணி குறைவு. அவர்களின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் 1,000 ரூபா ஆனது. அப்போதைய விலையில் அது சுமார் 5 டொலர். 2022 மே மாதம் டொலர் 360ஐத் தொட்டபோது, அதே சம்பளம் 3 டொலருக்கும் கீழே போனது. கொழும்புத் தேயிலை ஏலத்திலோ ரூபாவில் சராசரி கிலோ விலை 2021இல் இருந்ததைவிட 2022இல் இரு மடங்கானது. அவர்கள் வாங்கும் கோதுமை மாவும் ஏறியது. தேயிலையும் மாவும் டொலரைத் தொடர்ந்து ஓடின, கூலி நின்ற இடத்திலேயே நின்றது.

அந்தச் சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபாவாக உயர்ந்தது. டொலர் அப்போது 300 ரூபா அளவில் இருந்தது. வகுத்துப் பார்த்தால் நாலரை டொலர். 2021இல் கிடைத்ததைவிட அப்போதும் அரை டொலர் குறைவு.