விரல் நுனியில் ஓர் எடைமேடை

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சின் மேல் ஆள்காட்டி விரலை அழுத்தி வையுங்கள். விரல் தணல் போலச் சிவந்து தெரியும். டார்ச்சிலிருந்து கிளம்புவது வெள்ளை வெளிச்சம்தான். அதிலுள்ள நீலத்தையும் பச்சையையும் பெரும்பாலும் ரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் தப்பித்து வெளியே வருகிறது. சின்ன வயதில் மின்சாரம் போன இரவுகளில் நாமெல்லாம் விளையாடிய விளையாட்டு இது. ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று சொல்லும் விரல் கிளிப்பான பல்ஸ் ஆக்சிமீட்டர் தொடங்குகிற இடமும் இதுதான்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், மெடிக்கல் ஷாப்பில் அலைந்து திரிந்து எங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்கினோம். அம்மாவுக்குக் காய்ச்சல். இரவு பதினொரு மணிக்கு விரலில் மாட்டினால் 89 என்று காட்டியது. வீடே கதிகலங்கிப் போனது. அப்புறம்தான் கவனித்தோம், அம்மாவின் கை சில்லென்று இருந்தது. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடேற்றி, அடுத்த கையின் நடுவிரலில் மாட்டினோம். 97. விடியும்வரை யாரும் தூங்கவில்லை என்பது வேறு விஷயம். இந்தக் கிளிப் விரலுக்குள் எதைப் பார்க்கிறது, எதை வைத்து இவ்வளவு தைரியமாக ஒரு எண்ணைச் சொல்கிறது என்ற கேள்வி அன்று பிடித்துக்கொண்டது.

பதில் தேடிப் போனால் அது ஒரு துறைக்குள் அடங்கவில்லை. ரத்தத்தின் நிறத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் ஒருபக்கம், காந்தத்தை வைத்து ரத்தத்தைச் சோதித்த வேதியியலாளர் ஒருபக்கம், போர் விமானிகள், கேமரா கம்பெனி, மயக்க மருந்து டாக்டர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே அந்தக் கிளிப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ரத்தத்தின் நிறத்திலிருந்து தொடங்கலாம். 1864இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற கணித, இயற்பியல் அறிஞர், ரத்தக் கரைசலிலிருந்து ஆக்சிஜனை வேதிப்பொருள் கொண்டு பறித்துப் பார்த்தார். பளிச்சென்ற சிவப்பு, கருஞ்சிவப்பாக மாறியது. காற்றோடு சேர்த்துக் குலுக்கினார். பழைய சிவப்பு திரும்பியது. அதே ஆண்டு ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் ஹோப்பே-செய்லர் அந்த நிறப்பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர் வைத்தார். ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைச் சுமக்கும். ஏறினால் ஒரு நிறம், இறங்கினால் இன்னொரு நிறம்.

ஏன் நிறம் மாறவேண்டும்? ஆக்சிஜன் வந்து ஒட்டும்போது இரும்பைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்கள் இடம் மாறி அமர்கின்றன. அதனால் அது விழுங்கும் ஒளியும் மாறுகிறது. இந்த இடமாற்றத்தை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கொரியெலும் 1936இல் பிடித்தது நிறத்தை வைத்து அல்ல, காந்தத்தை வைத்து. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபினைக் காந்தம் லேசாக இழுக்கிறது. ஆக்சிஜன் ஏறியதை லேசாகத் தள்ளுகிறது. அரை நூற்றாண்டு கழித்து, 1990 வாக்கில், சேய்ஜி ஒகாவா இதே வித்தியாசத்தைக் கொண்டு எம்.ஆர்.ஐ. எந்திரத்தில் மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்க்க வழி கண்டார். அது தனிக்கதை, விட்டுவிடுவோம். (ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கை நரம்பு நீலமாகத் தெரிவதால் உள்ளே ஓடுவது நீல ரத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதுவும் சிவப்புதான், கொஞ்சம் கருத்த சிவப்பு.)

ஆக, நிறத்தைப் பார்த்தால் ஆக்சிஜன் தெரியும். கண்ணுக்கு அந்த நுணுக்கம் போதாது. 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியை, ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாக விழுங்குகிறது. 940 நானோமீட்டர் அகச்சிவப்பில் நிலைமை தலைகீழ். அங்கே ஆக்சிஜன் ஏறியதுதான் அதிகம் விழுங்கும். இரண்டு ஒளியையும் விரல் வழியாக அனுப்பி, எது எவ்வளவு வெளியே வருகிறது என்று ஒப்பிட்டால் போதுமே என்று தோன்றும்.

போதாது. விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு, நகம் எல்லாம் ஒளியைத் தின்கின்றன. ரத்தத்திலும் இரண்டு வகை: நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு வரும் தமனி ரத்தம், வழியில் கொடுத்துவிட்டுத் திரும்பும் சிரை ரத்தம். நமக்கு வேண்டியது தமனிக் கணக்கு மட்டும். இந்தச் சிக்கலில்தான் முப்பது வருஷத்துக்கு மேல் வண்டி நின்றது. இரண்டாம் உலகப்போரின்போது உயரே பறக்கும் விமானிகள் மயங்கிவிடாமல் கண்காணிக்க, க்ளென் மில்லிகன் காதுமடலில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தார். ஆக்சிமீட்டர் என்ற பெயரும் அவர் வைத்ததே. பின்னால் வந்தவர்கள் காதுமடலை இறுக்கி ரத்தத்தைப் பிழிந்து வெளியேற்றி ஓர் அளவு, ரத்தத்தை விட்டபின் ஓர் அளவு எடுத்துக் கழித்தார்கள். காதைச் சூடாக்கியும் பார்த்தார்கள். 1970களில் ஹியூலட்-பேக்கார்டு எட்டு அலைநீளங்களில் அளக்கும் கருவியைக் கொண்டுவந்தது. நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் விலையும் கனமும், வார்டு வார்டாக வைக்கிற மாதிரி இல்லை.

முடிச்சை அவிழ்த்தவர் டகுவோ அவோயாகி. ஜப்பானின் நிஹான் கோடன் என்ற மருத்துவக் கருவி நிறுவனத்தில் பொறியாளர். அவர் ஆக்சிஜனை அளக்கக் கிளம்பவே இல்லை. இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அறிய ஒரு வழி உண்டு: சிரைக்குள் சாயம் செலுத்தி, அது காதுமடலில் எப்படி ஏறி எப்படி வடிகிறது என்று ஒளி கொண்டு பார்ப்பார்கள். அவோயாகியும் 1970களின் தொடக்கத்தில் அதைத்தான் முயன்றார். வரைபடம் சீராக வரவில்லை. நாடித்துடிப்பு ஒவ்வொரு முறையும் அதில் மேடு பள்ளமாக விழுந்து தொந்தரவு கொடுத்தது. சரி, இரண்டு நிற ஒளிகளை எடுத்து ஒன்றால் மற்றொன்றை ஈடுகட்டித் துடிப்பை ஒழித்துவிடலாம் என்று பார்த்தார். ஒழிந்தது. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் கணக்கு பிசகி, துடிப்பு மறுபடி தலைகாட்டியது.

வேறு யாராக இருந்தாலும் எரிச்சலாகியிருப்பார்கள். அவர் திருப்பி யோசித்தார். ஆக்சிஜன் மாறினால் துடிப்பின் கணக்கு மாறுகிறது என்றால், துடிப்பை வைத்தே ஆக்சிஜனை அளக்கலாமே!

நெல் லாரியை எடைமேடையில் ஏற்றும் முறையை நினைத்துக்கொள்ளுங்கள். வெறும் லாரியாக ஒருமுறை, சுமையோடு ஒருமுறை. லாரியில் எத்தனை டயர், டிரைவர் என்ன எடை என்ற கவலை எதுவும் வேண்டாம். கழித்தால் நெல் மட்டும் நிற்கும். விரலிலும் அதே கதை. தோலும் எலும்பும் சிரை ரத்தமும் லாரி. இதயம் ஒருமுறை துடிக்கும்போது கொஞ்சம் தமனி ரத்தம் புதிதாக வந்து ஏறுகிறது, அடுத்த நொடி இறங்குகிறது. காதைப் பிழிந்து செய்த வேலையை இதயமே நிமிஷத்துக்கு எழுபது தடவை இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. வெளிச்சத்தில் துடிக்கும் பகுதியை மட்டும் எடுத்தால் அது தமனியின் கணக்கு.

1974இல் அவர் கம்பெனி காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. சுமார் ஒரு மாதம் கழித்து அதே யோசனையோடு மினோல்டாவும் விண்ணப்பித்தது. ஆம், கேமரா செய்த அதே மினோல்டா; ஒளியை அளப்பது அவர்களுக்குக் கைவந்த கலை. காது போய் விரல் வந்தது 1977இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியில்தான். 1980களில் அமெரிக்காவில் மயக்க மருந்து மருத்துவரும் மின்பொறியாளருமான வில்லியம் நியூ தொடங்கிய நெல்கார் நிறுவனம், இதை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனது. சினிமாவில் கேட்கும் அந்த 'பீப் பீப்' சத்தம், ஆக்சிஜன் குறையக் குறையச் சுருதி இறங்கும்படி அமைக்கப்பட்டது. திரையைப் பார்க்காமலே டாக்டரின் காது எச்சரிக்கையாகிவிடும். இந்தச் சின்ன ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு அந்தக் கருவியைவிட அதன்மேல்தான் வியப்பு.

இப்போது நம் கிளிப்பைத் திறந்து பார்ப்போம். மேல் தாடையில் இரண்டு எல்.இ.டி., ஒன்று சிவப்பு, ஒன்று அகச்சிவப்பு. கீழ்த்தாடையில் ஒளியுணரும் சிலிக்கான் சில்லு ஒன்று. இந்தச் சில்லுக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்று மட்டும்தான் சொல்லும். அதனால் முறை வைத்து வேலை நடக்கிறது: சிவப்பு மட்டும், அகச்சிவப்பு மட்டும், இரண்டும் அணைந்த இருட்டு. விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இந்தச் சுற்று. அந்த இருட்டு எதற்கென்றால், அறையின் ட்யூப்லைட் வெளிச்சம் எவ்வளவு உள்ளே புகுந்தது என்று பார்த்துக் கழிக்க.

சில்லுக்கு வந்து சேரும் வெளிச்சத்தில் துடிக்கும் பங்கு ஒன்றிரண்டு சதவீதம்தான். கை குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கி அதுவும் தேய்ந்துவிடும். அம்மாவின் 89 வந்தது அப்படித்தான். கருத்த நகப்பூச்சு, விரல் ஆட்டம் எல்லாம் இதே கணக்கில் சேரும்.

சிவப்பின் துடிப்பை அதன் நிலையான வெளிச்சத்தால் வகுத்து, அகச்சிவப்புக்கும் அப்படியே செய்து, முதல் விடையை இரண்டாவதால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அது ஏறக்குறைய அரையாக இருந்தால் ஆக்சிஜன் நூற்றை ஒட்டி இருக்கிறது. ஒன்றாக இருந்தால் சுமார் 85 சதவீதம். இடையில் இருப்பவற்றுக்குக் கருவிக்குள் ஓர் அட்டவணை உண்டு. அதை எந்தச் சூத்திரமும் தந்துவிடவில்லை. சதைக்குள் ஒளி நேர்கோட்டில் போகாமல் சிதறுவதால், பாடப்புத்தகக் கணக்கு விரலில் அப்படியே பலிப்பதில்லை. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்து, அந்த நேரத்தில் கருவி கண்ட விகிதத்தோடு பொருத்திப் பொருத்தி எழுதிய பட்டியல் அது. மனிதரை 70 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது ஆபத்து என்பதால் அதோடு நிறுத்திவிடுவார்கள். 70க்குக் கீழே கருவி காட்டும் எதுவும் கோட்டை நீட்டிப்போட்ட ஊகம்.

97க்கும் 90க்கும் ஏழுதானே வித்தியாசம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. 1904இல் கிறிஸ்டியன் போர் (அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் அப்பா) ரத்தம் ஆக்சிஜனை ஏற்கும் விதத்தை வரைந்தபோது கோடு வளைந்து வந்தது. மேலே தட்டை, கீழே செங்குத்து. 90 என்பது தட்டை முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பு; அதற்குக் கீழே, கிடைக்கும் ஆக்சிஜன் இன்னும் கொஞ்சம் குறைந்தாலும் சதவீதம் மடமடவென்று விழும். டாக்டர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் பரபரப்பது அதனால்தான்.

கருவி ஏமாறும் இடங்களும் உண்டு. மூடிய அறையில் கரிப்புகையில் சிக்கியவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிறம் மட்டுமே பார்க்கும் கருவிக்கு அது ஆக்சிஜன் ஏறியது போலவே தெரியும். ஆள் மூச்சுக்குப் போராடுவார். திரையில் 98 ஓடும். ரத்தசோகையும் அப்படி. இருக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் நிரம்பியிருக்கிறதா என்றுதான் இது சொல்லும், மொத்தம் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று சொல்லாது.

எனக்கு உறுத்தலாக இருப்பது இன்னொன்று. தோலின் கருமை லாரியின் பங்கு, துடிக்காதது, கழித்தலில் போய்விடும் என்பது கோட்பாடு. 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொன்னது. கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தைச் சோதித்தபோது, உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். மருத்துவமனைக் கட்டில் கிடைக்குமா கிடைக்காதா என்பதை ஒற்றை எண் தீர்மானித்த காலம் அது. அன்றைய அமெரிக்க வழிகாட்டுதலின்படி, கருவியைச் சோதிக்கும் குழுவில் கருந்தோல் உடையவர் இரண்டு பேரோ, 15 சதவீதமோ, எது அதிகமோ அவ்வளவு இருந்தால் போதும். 2025 ஜனவரியில் அந்த ஊர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட புதிய வரைவு, 150 பேருக்குக் குறையாமல், பல நிறத் தோல்களிலும் சோதிக்கச் சொல்கிறது.

எங்கள் வீட்டுக் கிளிப் இன்னும் மருந்துப் பெட்டியில் கிடக்கிறது, பேட்டரி கழற்றி. அதன் அட்டைப் பெட்டியைப் போன வாரம் தேடி எடுத்துப் படித்தேன். பேட்டரி அளவு, பிழை கூடவோ குறையவோ இரண்டு சதவீதம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும் எல்லாம் இருந்தது. அந்த அட்டவணைக்காக விரல் நீட்டியவர்களில் எங்கள் அம்மா நிறத்தில் எத்தனை பேர் என்று எங்கும் போடவில்லை.