ஒப்பந்தம் இருக்கிறது, சான்றிதழ் எங்கே?

போன வாரம் ஒருவர் ஃபைலோடு வந்தார். மாங்காய் ஊறுகாய் ஏற்றுமதி செய்கிறவர். ஆஸ்திரேலியாவுக்கு அது அவருடைய நான்காவது கண்டெய்னர். "பையர் அஞ்சு சதவீதம் வரி கட்டினேன்னு சொல்லி ரேட்டைக் குறைக்கச் சொல்றார் சார். ஒப்பந்தம் போட்டபிறகு வரியே கிடையாதே, ஏமாத்துறாரா?" என்றார். இந்த மாதத்தில் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் அவர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பையர், அதாவது அங்கே சரக்கை வாங்குகிறவர், ஏமாற்றவில்லை. வரி நிஜமாகவே கட்டியிருக்கிறார்.

இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் 2022 ஏப்ரல் 2 அன்று கையெழுத்தாகி, அதே ஆண்டு டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே நம் சரக்கு இனங்களில் 98 சதவீதத்துக்கு மேல் அங்கே வரி பூஜ்யம் ஆனது. செய்தியில் இவ்வளவுதான் வரும். உடனே எல்லோரும் மனதுக்குள் வரியை அழித்துவிடுகிறார்கள். அப்படி இல்லை ஐயா. கப்பல் தூத்துக்குடியிலிருந்து போனது என்பதற்காக அங்கே யாரும் வரியை விட மாட்டார்கள். இங்கே விளைந்த, அல்லது ஒப்பந்தம் சொல்கிற அளவுக்கு இங்கே உருமாறிய பொருளுக்குத்தான் சலுகை. அதை நாம் காகிதத்தில் காட்ட வேண்டும். பையர் அங்கே அதை வைத்துக் கேட்க வேண்டும். கேட்காத சலுகை கிடைக்காது. ஒரு தடவை காட்டினால் போதும் என்பதும் இல்லை, ஒவ்வொரு சரக்குக்கும் காட்ட வேண்டும்.

"சர்டிபிகேட் ஆஃப் ஒரிஜின் வாங்கினேனே!" என்று அவர் அந்தப் பிறப்பிடச் சான்றிதழை நீட்டினார். வாங்கியிருக்கிறார்தான். ஆனால் அது நான்-ப்ரிஃபரன்ஷியல். சரக்கு எந்த நாட்டுடையது என்று மட்டும் சொல்லும் தாள் அது. வரிச் சலுகைக்கு வேண்டியது ப்ரிஃபரன்ஷியல் சான்றிதழ். எந்த ஒப்பந்தம், எந்தத் தகுதியின்படி இந்தியப் பொருள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டுக்குமே வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால், அவசரத்தில் தப்பானதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தாளின் தலைப்பை ஒருமுறை படியுங்கள். அரை நிமிட வேலை.

சரி, புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தோம். 'முழுக்க இந்தியாவிலேயே விளைந்தது' என்று போடச் சொன்னார். மாங்காய் கிருஷ்ணகிரியில் வாங்கியது, உப்பும் மிளகாயும் இங்கேயே வாங்கியவை. பெருங்காயம்? பால் பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிறது. ஒரு சிட்டிகைதான், ஆனாலும் 'முழுக்க' என்று எழுதிவிட்டால் அது பொய்க் கணக்கு. பிறகு சரிபார்ப்பு வந்தால் பையரோடு உள்ள உறவே போய்விடும். ஊறுகாய் போன்ற பதப்படுத்திய பொருளுக்கு வேறு விதி உண்டு, அதன்படி கேட்க வேண்டும். விதி ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். துபாய்க்குப் பார்த்ததை வைத்து சிட்னிக்கு எழுதாதீர்கள். சுங்கத்தில் பொருளின் வகையைக் காட்டும் எச்.எஸ். எண்ணில் முதல் 6 இலக்கம்தான் உலகம் முழுக்க ஒன்று, மிச்சத்தைப் பையரிடம் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது விலை. வரியைக் கட்டுகிறவர் பையர், அதனால் நமக்கென்ன என்று நினைக்கிறார்கள். ரேட் பேசும்போது அதைச் சொன்னால்தான் நமக்கும் அதில் பங்கு. 20 லட்சம் ரூபாய் சரக்குக்கு 5 சதவீதம் என்றால் 1 லட்சம். சான்றிதழ் தருகிறேன், அதில் இவ்வளவு எனக்கு என்று முதலிலேயே பேசுங்கள். பேசாவிட்டால் அது முழுக்க அவர் பக்கமே நின்றுவிடும். விவசாயிக்கு மாங்காய்க் கிலோவுக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்க முடியுமென்றால், இந்தப் பணத்திலிருந்துதான் முடியும்.

விவசாயிகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. வரி போனால் கதவு திறந்துவிடும் என்று நம்பி முதலீடு செய்யாதீர்கள். சுங்கம் வேறு, தாவர நோய்த்தடுப்பு வேறு. ஆஸ்திரேலியா இதில் ரொம்பக் கண்டிப்பு. நம் மாம்பழமே அனுமதிக்கப்பட்ட பூச்சி நீக்கச் சிகிச்சை முடிந்த பிறகுதான் உள்ளே போகும். பூச்சிமருந்து எச்சம் வரம்பைத் தாண்டினால், பூஜ்ய வரிச் சரக்கும் திரும்பி வரும். எந்த நாளில் என்ன மருந்து அடித்தோம் என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள், தயவுசெய்து. ஏற்றுமதியாளர்களே, நீங்களும் கொள்முதல் ரசீதைச் சீட்டில் கிறுக்கித் தராமல் பெயர், ஊர், எடை, தேதியோடு கொடுங்கள். "இந்த மாங்காய் எங்கே விளைந்தது, காட்டு" என்று நாளைக்கு யாராவது கேட்டால், காட்டுவதற்கு அந்த ரசீதுதான் இருக்கிறது.

ஊறுகாய்க்காரரின் பழைய மூன்று கண்டெய்னர்களுக்கு இனி என்ன செய்யலாம்? சரக்கு போன பிறகும் சான்றிதழ் வாங்கவும், கட்டிய வரியைப் பையர் திரும்பக் கேட்கவும் பல ஒப்பந்தங்களில் வழி உண்டு. ஆனால் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஷிப்பிங் பில்கள் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் கொடுத்த தாள்கள்), பெருங்காயம் வாங்கிய பில் என எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.