இ-பைக்: சைக்கிளா, பைக்கா?

தெப்பக்குளம் பக்கம் வாகனச் சோதனை. சத்தமே இல்லாத வண்டியில் வந்த பள்ளிக்கூடத்துப் பையனை நிறுத்தினார் ஏட்டையா.

"நம்பர் பிளேட் எங்கடா தம்பி?"

"இ-பைக் சார். நம்பர் வேணாம்னு கடையில சொன்னாங்க."

"பைக்குங்கிற, நம்பர் வேணாங்கிற?"

ஏட்டையா கேட்டது சொல்லாராய்ச்சிக் கேள்வி. இரண்டைக் குறிக்கும் லத்தீன் 'பை'யும் சக்கரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் ஒட்டி 19-ஆம் நூற்றாண்டில் பிறந்தது பைசிக்கிள். அதன் சுருக்கமே பைக். ஆங்கிலத்தில் மிதிவண்டிக்கும் அதுதான் பெயர். நம்மூரில் பாகம் பிரித்துவிட்டோம்: மிதித்தால் சைக்கிள், பெட்ரோல் போட்டால் பைக். அங்கே மிதிவண்டியாகப் பிறந்த இ-பைக், இங்கே வந்ததும் மோட்டார் சைக்கிளாகக் காதில் விழுகிறது.

சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல் இருந்து, அந்த மாடல் சோதனைச் சான்றும் வாங்கியிருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு, லைசென்ஸ் வேண்டாம். மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும் 'பெடல் உதவி' வகையில், வேகம் 25-ஐத் தொட்டாலோ மிதிப்பதை நிறுத்தினாலோ மோட்டார் ஓய்ந்துவிட வேண்டும்.

வில்லங்கம் ஒயரில் இருக்கிறது. சில வண்டிகளில் வேகத்தைக் கட்டிவைத்திருக்கும் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் 40-இல் பறக்கும். அப்புறம் அது மோட்டார் வாகனம். பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ், பச்சை நம்பர் பிளேட் எல்லாம் வேண்டும். இல்லையென்றால் அபராதம், பறிமுதல். (பறிமுதல் நல்ல தமிழ்: பறி + முதல், முதல் என்றால் பொருள். அரபியிலிருந்து வந்த ஜப்தியைவிட இதுதான் எனக்கு உறைக்கிறது.)

தமிழில் என்ன சொல்லலாம்? இலங்கையின் 'துவிச்சக்கரவண்டி' சக்கரத்தைத்தான் எண்ணுகிறது, ஸ்கூட்டருக்கும் இரண்டுதானே. நம் 'மிதிவண்டி' காலைச் சொல்கிறது. ஆகவே மிதிக்கும்போது மட்டும் மோட்டார் கைகொடுத்தால் மின்மிதிவண்டி. பதிவு தேவைப்படும் வேக வண்டிக்கு மின் உந்துருளி. உந்துருளியும் இலங்கைத் தமிழர் புழங்கும் சொல்தான். பெடலே இல்லாத மெதுவண்டிக்குப் புதுச்சொல் தேட வேண்டாம், ஊர் வைத்த 'பேட்டரி வண்டி' போதும்.

அந்தப் பையன் வண்டியில் பெடல் இருந்தது, புதுசு மாறாமல். ஏட்டையா குனிந்து பார்த்தார். செயின் இல்லை.